கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது யார்?

(மூன்றாம் ஆண்டு இளங்கலைப் பொருளியல் மாணவி)

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவரும் நாள்களில் நம் ஊர்த் தெருக்களில் ஒரு கேள்வி உலவும். "பிள்ளைய எங்க சேக்கப் போறீங்க?" என்பதே அது. கேட்பவர் பெற்றோரைக் கேட்கிறார். விடை சொல்பவரும் பெற்றோரே. மதிப்பெண் வாங்கிய பிள்ளை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருக்கும். சேர்வது தன்வினை, சேர்ப்பது பிறவினை என்று நாம் இலக்கண வகுப்பில் படித்திருக்கிறோம். கல்லூரி என்று வரும்போது நம்மில் பெரும்பாலோர் பிறவினைக்கு ஆட்பட்டவர்களே. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பதினேழு வயதில் பணம் கட்டுபவர் நாமல்லவே! ஆயினும் ஒரே வீட்டில், ஒரே அளவு மதிப்பெண் பெற்ற அண்ணனையும் தங்கையையும் ஒரே பெற்றோர் வெவ்வேறு கல்லூரிகளில் சேர்க்கும்போது, அம்முடிவு எதைக் கொண்டு செய்யப்படுகிறது என்று ஆராய வேண்டியிருக்கிறது.

நுகர்வோர் நடத்தை பற்றிய பாடத்தில் சமநோக்கு வளைகோடும் வரவு செலவுக் கோடும் வரைகிறோம். விருப்பம் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும், கையிலுள்ள பணம் இழுக்கும் கோட்டைத் தாண்ட முடியாது என்பது அப்படத்தின் சாரம். கல்லூரித் தேர்வுக்கும் அப்படம் பொருந்தும். ஆனால் ஒரு பெண்ணுக்கு வரையும்போது மேலும் இரண்டு கோடுகளைச் சேர்க்க வேண்டும். ஒன்று, மாலையில் வீடு திரும்ப வைக்கும் பேருந்துக் கோடு. மற்றொன்று, திருமண வயதுக் கோடு. இம்மூன்று கோடுகளுக்கும் உட்பட்ட சிறிய முக்கோணத்துக்குள்தான் அவளுடைய விருப்பம் நடமாட முடியும். பாடநூலில் இப்படம் இல்லை. நம் ஊரில் இருக்கிறது.

ஆய்க்குடியின் மூன்று வாசல்கள்

எடுத்துக்காட்டாக எங்கள் ஆய்க்குடியைக் கொள்வோம். அனுமன் நதிக்கரையில் பாலசுப்பிரமணிய சுவாமி கோயில் கொண்ட ஊர். மாற்றுத்திறனாளிகளுக்காக 1981இல் தொடங்கப்பெற்ற அமர் சேவா சங்கத்தால் வெளிநாட்டினரும் அறிந்த ஊர். இங்கிருந்து தென்காசி சென்று வண்டி மாறினால் குற்றாலம். அங்கே 1964இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி இருக்கிறது. கிழக்கே சாம்பவர் வடகரை வழியாகப் போனால் சுரண்டை. அங்கே காமராசர் பெயரால் இருபாலரும் பயிலும் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. பக்கத்திலேயே அகரக்கட்டில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. ஆக, மகளிர் மட்டும் பயிலும் உதவிபெறும் கல்லூரி ஒன்று, இருபாலருக்கும் உரிய அரசுக் கல்லூரி ஒன்று, சுயநிதிப் பொறியியல் கல்லூரி ஒன்று. தமிழ்நாட்டின் கல்லூரி வகைகள் எல்லாம் வீட்டிலிருந்தே போய்வரும் தொலைவில் அமைந்துவிட்டன. ஒரு சிற்றூருக்கு இது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை.

வாசல் மூன்று இருந்தாலும், யார் எந்த வாசலில் நுழைவார் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். இருபோக நெல் வயலோ, கடைத்தெருவில் சொந்தக் கடையோ, அரசு வேலையோ உள்ள வீட்டில் மகன் பொறியியலுக்குப் போவான். கோயம்புத்தூரோ சென்னையோ என்றால் விடுதியில் தங்குவான். மகள் குற்றாலத்துக்குப் போவாள். காரணம் கேட்டால் "பொம்பளப் புள்ள, பத்திரம் பாக்கணும்லா" என்பார்கள். சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே ஆண்டுக்கு அரை லட்சம் ரூபாய் அளவில் கட்டணம் ஆகும். நான்காண்டுகளுக்குக் கூட்டினால் அது ஒரு பெண்ணுக்குப் போடும் நகையில் ஒரு பங்கு. மகனுக்குச் செலவழித்தால் அது முதலீடு. மகளுக்குச் செலவழித்தால் இரட்டைச் செலவு என்று கணக்கிடுகிறார்கள். பெற்றோரைக் கொடியவர் என்று எண்ணிவிடக் கூடாது. மணமகன் வீட்டார் நகையைக் கேட்கும்வரை இக்கணக்கு அவர்கள் வரையில் சரியான கணக்கே. பிழை கணக்குப் போடுபவரிடம் இல்லை, கொடுக்கப்பட்ட வினாவில் இருக்கிறது.

பெண் என்பதையும் வசதி என்பதையும் தனித்தனியே நிறுத்து எடை பார்க்க முடியாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வரலாறு இதற்குச் சான்று. 1904இல் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னரின் இசைவால் அவர் சேர்ந்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குச் சென்று 1912இல் மருத்துவரானார். பெண் என்பதால் அவருக்குக் கதவு மூடியிருந்தது. அவருடைய தந்தை படித்தவர், கல்லூரி முதல்வராக இருந்தவர் என்பதால் அந்தக் கதவைத் தட்டுவதற்கு ஒரு கை இருந்தது. அதே புதுக்கோட்டையில் அதே ஆண்டில் ஓர் உழவர் மகளுக்குக் கதவு எங்கிருக்கிறது என்றே தெரிந்திருக்காது.

மாலை வண்டியின் மகிமை

1964க்கு முன் ஆய்க்குடிப் பெண் கல்லூரி செல்ல விரும்பினால், பாளையங்கோட்டைக்குச் செல்வதே வழி. அங்கே சாராள் தக்கர் கல்லூரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே பெண்களுக்கு உயர்கல்வி தந்து வந்தது. ஆனால் நாள்தோறும் போய்வரும் தூரமில்லை. விடுதியில் தங்க வேண்டும். விடுதி என்றால் பணம் வேண்டும், பணத்தைவிட மேலாக மகளை வெளியூரில் விடும் மனம் வேண்டும். இரண்டும் ஒருசேர வாய்த்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

திருக்குற்றாலநாதர் கோயில் தேவஸ்தானம் ஒரு மகளிர் கல்லூரியை அருவிக்கரை ஊரில் தொடங்கியபோது இரு தடைகளும் ஒருங்கே தளர்ந்தன. மகள் மாலையில் வீடு திரும்பினாள். கோயில் நடத்தும் கல்லூரி, அதிலும் பெண்கள் மட்டும் படிக்கும் கல்லூரி என்பது தயங்கிய பாட்டிமார்களுக்கும் தாத்தாமார்களுக்கும் துணிவு தந்திருக்கும். இன்று நாம் மகளிர் கல்லூரியைக் கட்டுப்பாட்டின் சின்னமாகப் பார்க்கப் பழகியிருக்கிறோம். ஒரு தலைமுறைப் பெண்களுக்கு அதுதான் வெளியே வரக் கிடைத்த அனுமதிச் சீட்டு என்பதை மறந்துவிடலாகாது. பெற்றோரின் அச்சத்தை வென்ற பிறகு கல்லூரி கட்டுவோம் என்று யாரேனும் காத்திருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டியதுதான்.

அதன் பிறகு பள்ளி, கல்லூரி அமைப்பில் ஒரு மாற்றம் வந்தது. பதினோராம் வகுப்பு முடித்து, ஓராண்டுப் புகுமுக வகுப்பைக் கல்லூரியில் படிக்கும் முறை மாறி, 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்கு வந்தது. இதனால் உள்ளூர்ப் பள்ளியிலேயே மேலும் ஓராண்டு படிக்கும் வாய்ப்புப் பெண்களுக்குக் கிட்டியது. அதே 1978இல்தான் பெண்ணின் குறைந்தபட்சத் திருமண வயதைப் பதினைந்திலிருந்து பதினெட்டாகவும், ஆணுக்கு இருபத்தொன்றாகவும் நாடாளுமன்றம் உயர்த்தியது. இரண்டும் நல்ல மாற்றங்கள். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேல்நிலைப் பள்ளியை முடிக்கும் வயது பதினேழு, பதினெட்டு. பெண்ணைப் பொறுத்தவரை கல்லூரி வாசலும் மணமேடையும் ஒரே ஆண்டில் எதிரெதிரே திறக்கின்றன. ஆணுக்கோ சட்டம் சொல்லும் இருபத்தொன்று, பட்டப்படிப்பு முடிந்த பிறகே வருகிறது. அவன் படிப்பைக் கேட்டு யாரும் குறுக்கே வருவதில்லை. பெண்ணின் திருமண வயதையும் இருபத்தொன்றாக்கும் மசோதா 2021 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது; சட்டமாகவில்லை.

"நல்ல எடம் வந்தா பாத்துக்கலாம், அதுவரைக்கும் படிக்கட்டும்" என்ற சொற்றொடரைக் கேளாத மாணவி நம் கல்லூரியில் இருக்க மாட்டாள். கல்லூரி அவளுக்கு ஒரு காத்திருப்பு அறையாகக் கொடுக்கப்படுகிறது. அந்த அறையில் உட்கார்ந்து அவள் என்ன செய்துகொள்கிறாள் என்பது அவள் சாமர்த்தியம்.

பீடித்தட்டின் கணக்கு

இதுவரை கூறியது சற்று வசதியுள்ள வீடுகளின் கதை. ஏழை வீடுகளில் கதை வேறு விதமாகத் திரும்புகிறது. பலரும் கவனிக்கத் தவறுவது இவ்விடத்தைத்தான்.

தென்காசி, சுரண்டை, கடையநல்லூர், ஆலங்குளம் வட்டாரங்களில் பீடி சுற்றுவது பெண்களின் தொழில். கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, இலையை நனைத்து வைத்து, அளவுக்கு வெட்டி, தூளைப் பரப்பிச் சுருட்டி, நூலால் கட்டி, எண்ணி அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. மடியில் தட்டை வைத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்தால் கை ஓடிக்கொண்டே இருக்கும். இத்தொழிலுக்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை. விடியற்காலையில் இரண்டு மணி நேரம், கல்லூரி விட்டு வந்து விளக்கு வைத்த பிறகு மூன்று மணி நேரம் என்று துண்டு துண்டாகவும் செய்யலாம். ஆண் பிள்ளைக்குக் கிடைக்கும் வேலை அப்படிப்பட்டதன்று. கொத்து வேலையோ, சமையல் வேலையோ, புளியரை தாண்டிக் கேரளத்தில் கிடைக்கும் கூலியோ முழு நாளையும் கேட்கும். ஆளையே ஊரைவிட்டுக் கேட்கும். போதாக்குறைக்குக் கல்லூரிச் சேர்க்கை நடக்கும் காலமும் குற்றாலத்துச் சாரல் காலமும் ஒன்றாகவே வருகின்றன. அருவிக்கரையில் பழம் விற்றும், உணவு விடுதியில் பரிமாறியும் கையில் காசு பார்த்த பையனுக்கு வகுப்பறை கசக்கத் தொடங்குகிறது.

ஆகவே மிக ஏழை வீட்டில் மகன் வேலைக்குப் போகிறான், மகள் அரசுக் கல்லூரிக்கு வருகிறாள். அவள் படிப்பை வீடு பெரிதும் மதிக்கிறது என்பது இதற்குக் காரணமன்று. படித்துக்கொண்டே சம்பாதிக்க அவளால் முடிகிறது என்பதே காரணம். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின் 2021-22ஆம் ஆண்டு அறிக்கையைப் பார்த்தால், நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4, தமிழ்நாட்டில் அது 47. இங்கே பெண்கள் ஆண்களைவிடச் சற்றே முன்னால் இருக்கிறார்கள். மகிழத்தக்க செய்திதான். ஆனால் அந்த எண்ணுக்குள் பொறியியலுக்குப் போன கடைக்காரர் மகனும், வரலாறு படிக்க வந்த பீடித் தொழிலாளி மகளும் ஆளுக்கு ஒன்று என்றே எண்ணப்படுகிறார்கள். வேலைக்குப் போய்விட்ட அவள் அண்ணன் எண்ணப்படவே இல்லை.

வேறு வகை வீடும் உண்டு. அங்கே அக்காள் பத்தாம் வகுப்போடு நின்று பீடி சுற்றுகிறாள். அந்தப் பணம் தம்பியின் கல்லூரிக் கட்டணமாகிறது. இது நம் ஊர் வறுமையின் தனிச் சொத்தென்று எண்ண வேண்டா. ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப் 1938இல் எழுதிய 'மூன்று கினிகள்' என்ற நூலில், வசதியுள்ள ஆங்கிலக் குடும்பங்களில் ஆண் பிள்ளைகளின் படிப்புக்கென்று காலங்காலமாக ஒதுக்கப்பட்ட பணத்தைப் பற்றிப் பேசுகிறார். அந்நிதிக்குப் பெண் பிள்ளைகளும் தங்கள் கல்வியையும் வசதிகளையும் துறந்து பங்களித்தார்கள் என்பது அவர் வாதம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் தந்ததே 1948இல்தான். அந்நிதி இங்கே பீடித்தட்டிலிருந்து வருகிறது என்பது மட்டுமே வேறுபாடு.

அரசின் கை

பெற்றோருக்கு அறிவுரை கூறுவது மேடைகளில் எளிது. அறிவுரையைவிட அரசாணைகளே அதிகம் சாதித்திருக்கின்றன என்பது என் கருத்து. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திட்டத்தின் வரலாறே இதற்குப் போதும். 1989இல் அது திருமண உதவித் திட்டமாகத் தொடங்கியது. எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு ரூ. 5,000 என்பது விதி. பெண்ணைப் படிக்க வை, கல்யாணத்துக்குப் பணம் தருகிறோம் என்று அரசு பேரம் பேசியது. பின்னர்ப் படிப்பின் அளவும் தொகையும் உயர்ந்தன. 2011இல் பத்தாம் வகுப்புப் படித்தவருக்கு ரூ. 25,000, பட்டம் பெற்றவருக்கு ரூ. 50,000, தாலிக்கு 4 கிராம் தங்கம் என்றாயிற்று. 2016இல் தங்கம் 8 கிராம் ஆயிற்று. கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் ஊர் வழக்கம் எந்த நாணயத்தில் பேசியதோ அதே நாணயத்தில் அரசும் பேசியது என்று நான் கருதுகிறேன்.

2022 செப்டம்பர் 5 முதல் அத்திட்டம் உருமாறியது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பெண்ணுக்கு, கல்லூரியில் படிக்கும் மாதந்தோறும் ரூ. 1,000 அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே சேர்கிறது. திருமண நாளில் பெற்றோர் கையில் கொடுத்த பணம், படிக்கும் நாள்களில் மாணவி கைக்கு வந்துவிட்டது. பெயர் 'புதுமைப் பெண்'. மூவலூர் அம்மையார் இதைத்தான் கூடுதலாக விரும்பியிருப்பார். ஆண்களுக்கும் 2024 ஆகஸ்டில் 'தமிழ்ப் புதல்வன்' வந்தது. கேரளத்துக்குப் போகவிருந்த பையன்களில் சிலரையேனும் அது நிறுத்தி வைக்கும்.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். வண்டி மாறிச் செல்ல வேண்டிய பெண்ணுக்கு இரட்டைக் கட்டணம் என்ற தடை அன்றோடு ஒழிந்தது. நான் முதலில் கூறிய பேருந்துக் கோடு சில மைல்கள் வெளியே தள்ளி வரையப்பட்டது எனலாம்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். பல வீடுகளில் மகனை ஆங்கிலவழி மெட்ரிக் பள்ளியிலும் மகளை அரசுப் பள்ளியிலும் சேர்த்தார்கள். பச்சையான ஓரவஞ்சனைதான். 2021 முதல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. அவ்வாறு சேர்வோரின் கட்டணத்தையும் அரசே ஏற்றது. ஒன்றாம் வகுப்பில் தள்ளி வைக்கப்பட்ட மகள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது வீட்டிலேயே செலவில்லாமல் பொறியாளராகக் கூடியவளாக நின்றாள்! ஆனால் முதல் பட்டதாரிச் சலுகை எதிர்த்திசையில் வேலை செய்கிறது. தொழிற்படிப்புக்கு 2010 முதல் உள்ள இச்சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே கிடைக்கும். மூத்தவன் அதைப் பயன்படுத்திவிட்டால் தங்கை விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாது. விதி ஆண், பெண் பார்ப்பதில்லை. அதை யார் பெயரில் முதலில் பயன்படுத்துவது என்பதை வீடு பார்க்கிறது.

வாசலுக்கு உள்ளே

சேர்ந்துவிட்டால் எல்லோரும் சமம் என்பது அடையாள அட்டை அளவில் உண்மை. பிரெஞ்சு அறிஞர் பியர் பூர்தியூவும் ழான்-க்ளோத் பாசரோனும் சேர்ந்து எழுதிய 'வாரிசுகள்' என்ற நூல், குற்றாலத்துக் கல்லூரி பிறந்த அதே 1964இல் வெளிவந்தது. பணத்தைப் போலவே பேச்சும், புத்தகப் பழக்கமும், ஆசிரியர் முன் கூச்சமின்றி நிற்கும் பாங்கும் வீட்டிலிருந்து சொத்தாக வந்து சேர்கின்றன. கல்லூரி அவற்றைப் 'பிறவித் திறமை' என்று பெயரிட்டுப் பாராட்டுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். நம் வகுப்பறையில் இதைக் காணப் பாரிசுக்குப் போக வேண்டியதில்லை. ஆங்கிலப் பேராசிரியர் கேள்வி கேட்டதும் நிமிரும் தலைகளையும் குனியும் தலைகளையும் பாருங்கள். குனிந்தவர்களில் பலருக்கு விடை தெரியும். அதைச் சொல்லும் வாக்கியம் தெரியாது.

பெண்ணுக்கு நேரம் என்ற பஞ்சமும் உண்டு. வகுப்பு முடிந்த பின்தான் நூலகம், விளையாட்டு, நாடக ஒத்திகை, போட்டித் தேர்வுப் பயிற்சி எல்லாம் நடக்கின்றன. அந்த நேரத்தில்தான் ஊருக்குப் போகும் வண்டியும் புறப்படுகிறது. அடுத்த வண்டியில் போனால் இருட்டிவிடும். இருட்டினால் வீட்டில் கேள்வி. நான்கு மணிக்கு மேல் கல்லூரி என்ற ஒன்று இருப்பதையே அறியாமல் மூன்றாண்டுகளை முடித்த தோழியர் பலர். பட்டம் அவர்களுக்கும் அதே பட்டம்தான். ஆனால் தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் பெண்களுக்கு 1989 முதல் 30 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டு, 2021இல் அதை 40 ஆக்குவதாக அறிவிப்பும் வந்த பிறகு, அவ்விடங்களுக்குப் போட்டியிடும் பயிற்சி மாலை நான்கரைக்குத் தொடங்கினால் யாருக்குப் பயன்? ஒருமணி நேரத்தை மதிய இடைவேளைக்கு மாற்றிவைத்தால் செலவில்லாமல் தீரக்கூடிய குறை இது. மாணவர் பேரவையும் பேராசிரியர்களும் இதைக் கருத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பாடப்பிரிவு பற்றியும் ஒரு சொல். தமிழ், ஆங்கிலம், கணிதம் என்றால் "பி.எட். படிச்சு டீச்சர் ஆகலாம்" என்பதால் பெண்ணுக்கு ஏற்றவை. வேதியியல் என்றால் ஆய்வகத்தில் நேரமாகும். நிலவியல் என்றால் வெளியூர்ப் பயணம் இருக்கும். ஒரு படிப்பு அறிவை எவ்வளவு வளர்க்கும் என்பதைவிட, எத்தனை மணிக்கு வீட்டுக்கு அனுப்பும் என்பது வீட்டில் முதற்கேள்வி. பையனிடம் எவரும் இதைக் கேட்பதில்லை. அவனிடம் "எவ்ளோ சம்பளம் வரும்?" என்று மட்டும் கேட்கிறார்கள். இலக்கியம் படிக்க ஆசைப்பட்ட பையனுக்கு அதுவும் ஒரு விலங்குதான்.

புதுமைப் பெண் உதவித்தொகை இளங்கலையோடு முடிந்துவிடுகிறது, முதுகலைக்கு இல்லை. எனவே வரும் ஜூன் மாதத்தில், எங்கள் வகுப்புப் பெண்கள் கையில் பட்டத்தோடும் இருபது, இருபத்தோரு வயதோடும் நிற்கும்போது மாதம் ஆயிரம் நின்றிருக்கும், ஜாதகம் பார்க்கும் வேலை தொடங்கியிருக்கும். முதுகலைப் பொருளியலுக்கு விண்ணப்பிக்க எங்களில் சிலர் முடிவு செய்திருக்கிறோம். எந்த ஊர்க் கல்லூரி, எத்தனை மணி வண்டி, விடுதியா வீடா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம். பீடித் தொழிலாளர் நல நிதியிலிருந்து பிள்ளைகளுக்கு வழங்கும் கல்வி உதவித்தொகைக்கு வேண்டிய சான்றுகளையும் அத்தாளிலேயே குறித்திருக்கிறோம். தாயின் தொழிலாளர் அடையாள அட்டையைத் தேடி எடுத்து வைக்க வேண்டும்.